புவிவெப்பக் கிணறு தோண்டினால் எரிமலை சீறுமா, அடங்குமா?

நெம்புகோல் (கேள்வி)

ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுந்த்நூக்கூர் பிளவில் 2023 டிசம்பர் 18 முதல் எரிமலை திரும்பத் திரும்ப வெடித்தது. லாவா வேலியோரம் வரை வந்தும் மின்நிலையத்தை நிறுத்திவிடவில்லை. கொதிகலன், நீராவி டர்பைன் பக்கம் எனக்குப் பழக்கம் உண்டு. நிலத்துக்கு அடியில் நடப்பதுதான் பிடிபடவில்லை.

இவர்கள் எடுக்கும் சூடு மாக்மாவிலிருந்து (நிலத்தடிப் பாறைக்குழம்பு) நேரடியாக வருகிறதா? துளை போடுவதால் வெடிப்பைத் தூண்டிவிட வாய்ப்பு உண்டா? இல்லை, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எரிமலை அடங்கிவிடுமா? இரண்டு விதமாகவும் ஆட்கள் உறுதியாகப் பேசுகிறார்கள், எண் மட்டும் யாரும் தருவதில்லை. ஒரு கிணறு எவ்வளவு மின்சாரம் தரும் என்பதற்கும் ஒரு கணக்கு போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

கிணற்றுத்தலை

கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்வார்ட்செங்கியில் கிணறுகள் பெரும்பாலும் 2 கிலோமீட்டருக்குள். மாக்மா தேங்குவது 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்தில். நடுவில் உள்ள விரிசல் விழுந்த பசால்ட் (எரிமலைக் கருங்கல்) பாறைக்குள் மழைநீரும் கடல்நீரும் இறங்கி, சூடேறி, மேலே ஏறி, ஆறி, மறுபடி இறங்குகின்றன. கிணறு எடுப்பது இந்தச் சுற்றில் இருக்கும் தண்ணீரைத்தான். அது சுமார் 240 டிகிரி. உப்பு கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அழுத்தத்தில் இருப்பதால் கொதிக்காமல் நீராகவே கிடக்கிறது.

அந்த நீர் வினாடிக்கு 50 கிலோ வருகிறது என்று வையுங்கள். 240 டிகிரி நீரின் என்தால்பி (அதில் அடங்கிய வெப்பம்) கிலோவுக்கு 1037 கிலோஜூல். நீராவியையும் நீரையும் பிரிக்கும் செப்பரேட்டரை 7 பாரில் (முழு அழுத்தம்) வைத்தால் கொதிநிலை 165 டிகிரி, நீரின் என்தால்பி 697, ஆவியாதல் வெப்பம் 2066. ஆக, நீராவியாக மாறும் பங்கு (1037 - 697) ÷ 2066, அதாவது 16.5 சதவீதம். வினாடிக்கு 8 கிலோ நீராவி. இந்த அழுத்தத்தில் ஒரு மெகாவாட்டுக்கு வினாடிக்குச் சுமார் 2 கிலோ தேவை. உங்கள் கிணறு தருவது 4 மெகாவாட்.

மீதி 42 கிலோ, 165 டிகிரி வெந்நீர். அதை 100 டிகிரி வரை இறக்கினால் 11 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் கிடைக்கும், ஊருக்கு வெந்நீர் கொடுக்கலாம். ஆனால் இஷ்டத்துக்கு இறக்க முடியாது, சிலிக்கா விடாது. 240 டிகிரியில் குவார்ட்ஸோடு சமநிலையில் இருக்கும் நீரில் கிலோவுக்குச் சுமார் 430 மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருக்கும். நீராவி பிரிந்து போனதும் மிச்ச நீரில் அது 520 ஆகச் செறியும். படிகமாகாத சிலிக்கா 165 டிகிரியில் 700 வரை கரையும், அதனால் செப்பரேட்டரில் பிரச்சினை இல்லை. சுமார் 130 டிகிரிக்குக் கீழே போனால் வரம்பு தாண்டிவிடும். 100 டிகிரியில் 360தான் கரையும். மிச்சமெல்லாம் குழாய்ச் சுவரிலும், நீரை நிலத்துக்குள் திருப்பி ஏற்றும் கிணற்றின் விரிசல்களிலும் படிந்து அடைக்கும். சில இடங்களில் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 5 அருகே வைத்துப் படிவைத் தாமதப்படுத்துவார்கள். அதற்கு விலையாகக் குழாய் அரிப்பு கூடும்.

ஸ்வார்ட்செங்கியில் இந்த உப்பு நீரை ஊருக்கு அனுப்புவதில்லை. அதன் சூட்டால் நன்னீரைச் சூடாக்கி அந்த நன்னீரைத்தான் அனுப்புகிறார்கள். கழிவாக வெளியே விட்ட உப்பு நீரில் சிலிக்கா படிந்து உருவான குட்டைதான் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துக் குளிக்கும் நீலக் குளம். கழிவுநீரை இவ்வளவு நல்ல விலைக்கு விற்ற மின்நிலையம் வேறு இருக்குமா தெரியவில்லை.

பசால்ட்

துளை போட்டால் வெடிக்குமா என்பதற்கு வருகிறேன். மாக்மாவிலேயே துளை இறங்கிய சம்பவங்கள் உண்டு. 2005இல் ஹவாய்த் தீவின் பூனா மின்நிலையத்தில் ஒரு கிணறு சுமார் 2,490 மீட்டரில் டேசைட் வகை மாக்மாவில் இறங்கியது. 2009இல் ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் ஆழ்துளை ஆய்வுத் திட்டத்தின் ஐடிடிபி-1 கிணறு 2,104 மீட்டரில் ரயோலைட் வகை மாக்மாவைத் தொட்டது. கென்யாவின் மெனெங்காயிலும் இப்படி ஆனது. மூன்றிலும் வெடிப்பு இல்லை. துளையின் குறுக்களவு 20, 30 சென்டிமீட்டர். பிசுபிசுப்பான குழம்பு அதற்குள் சில மீட்டர் ஏறியதும், துளையிடும்போது இறங்கும் குளிர்நீர் பட்டுக் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. வெடிப்புக்குத் தேவை மாக்மா அறையின் கூரையே பிளக்கும் அளவு அழுத்தம். அது உள்ளே சேரும் புது மாக்மாவாலும் வாயுவாலும் வருவது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று உண்டு. 1977 செப்டம்பரில், கிராஃப்லாவுக்குத் தெற்கே நாமாஃப்யாட்ல் புவிவெப்ப வயலில், ஏற்கெனவே இருந்த 1,138 மீட்டர் ஆழக் கிணறு வழியாக மாக்மா வெளியே வந்தது. சுமார் 3 டன் கசடு, அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அங்கே கிணறு வெடிப்பை உண்டாக்கவில்லை. கிராஃப்லாவிலிருந்து பக்கவாட்டில் பிளவுக்குள் ஓடிய மாக்மா வழியில் ஒரு ஓட்டையைக் கண்டு அதில் ஏறியது, அவ்வளவுதான்.

பினடுபோ பற்றியும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: பிலிப்பைன்ஸ் அரசு எரிசக்தி நிறுவனம் 1988 முதல் 1990 வரை அந்த மலையில் சோதனைக் கிணறுகள் போட்டது. கிடைத்தது சூடான, அமிலம் மிகுந்த நீர், கைவிட்டார்கள். 1991 ஜூன் 15இல் மலை வெடித்தது. கிணறுதான் காரணம் என்று அப்போது அங்கே பேச்சு எழுந்தது. அந்த வெடிப்பில் வெளியேறிய பொருள் பல கன கிலோமீட்டர். சில துளைகளில் இறைத்த நீரை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பொருந்தாது. அமில நீர் சொன்ன சேதி வேறு: மாக்மா வாயு நிலத்தடி நீரில் நேரடியாகக் கலக்கிறது, இது மின்நிலையத்துக்கு ஏற்ற இடமல்ல.

மின்நிலையத்தால் உண்மையிலேயே தூண்டப்படக்கூடிய 'வெடிப்பு' வேறு வகை, மாக்மா இல்லாதது. நியூசிலாந்தின் வைராகெய் 1958இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் நீரைத் திருப்பி ஏற்றாமல் வெளியே விட்டார்கள். அடியில் அழுத்தம் இறங்கியது, நீர்மட்டத்துக்கு மேல் நீராவிக் குமிழ் உருவானது, பக்கத்தில் கராபிட்டியில் நிலத்திலிருந்து ஆவி பீறிடுவது பல மடங்கு கூடியது, சிறு நீராவி வெடிப்புகளும் நடந்தன. ஓரிடத்தில் நிலம் 15 மீட்டர் வரை தாழ்ந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நெம்புகோல்

இருவருக்கும் நன்றி. இப்போது எதிர்க் கேள்வி. மாக்மாவைத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், வேண்டுமென்றே அங்கே போகலாமே? ஐடிடிபி-1இல் 450 டிகிரி நீராவி வந்ததாகப் படித்தேன். அனல்மின் நிலையத் தரத்துக்கு அருகில் இருக்கிறதே.

கேசிங்_கணக்கு

வந்தது. கிணற்றுத்தலையில் 450 டிகிரி, 140 பார் வரை. அந்த ஒரு கிணறே சுமார் 36 மெகாவாட் தரும் என்று மதிப்பிட்டார்கள். 'கிணற்றுத்தலை' என்பவர் மேலே போட்ட கணக்கின் 4 மெகாவாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசை வராமல் இருக்காது. ஆனால் 2012இல் மெயின் வால்வ் பழுதாகி, குளிர்நீர் ஏற்றிக் கிணற்றை அணைக்க வேண்டியதாயிற்று. மறுபடி பயன்படவில்லை. காரணம் இரும்பு.

கிணற்றின் உள்சுவராக இறக்கும் எஃகுக் கேசிங் பைப்பை வெளிப்புறம் முழுக்க, தரைமட்டம் வரை சிமென்ட் போட்டுப் பாறையோடு பிடித்து வைக்கிறோம். நீள வழியில்லாத எஃகு சூடானால் ஒரு டிகிரிக்குச் சுமார் 2.5 மெகாபாஸ்கல் அமுக்கு அழுத்தம் ஏறும். வழக்கமான கே-55 எஃகு 379 மெகாபாஸ்கலில் வளைந்துகொடுக்கத் தொடங்கும். அதாவது சிமென்ட் இறுகிய வெப்பநிலையிலிருந்து 150 டிகிரி கூடினாலே எல்லை. சாதாரண 240 டிகிரிக் கிணறே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. 450 டிகிரிக் கிணற்றில் எஃகு நிரந்தரமாகச் சுருங்கி உட்கார்ந்துவிடும். சூடாக இருக்கும்வரை அது தெரியாது. குளிர்நீரை ஏற்றும்போது, சுருங்கிப்போன அதே எஃகு இழுவிசைக்குள் போய், இணைப்பு மரை இருக்கும் இடத்தில் பிய்ந்துகொள்ளும். ஐடிடிபி-1இல் அணைத்த பிறகு பார்த்த சேதம் இந்த வகைதான்.

இதனால்தான் எந்தக் கிணற்றையும் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். தோண்டி முடித்ததும் வால்வைத் திறந்துவிடாமல், வாரக்கணக்கில் தானாகச் சூடாக விட்டு, பிறகு சிறு துளை வழியாக ஆவியைக் கசியவிட்டு, கிணற்றுத்தலை எவ்வளவு உயர்கிறது என்று அளந்துகொண்டே திறப்பார்கள். அதைவிட முக்கியம், திறந்த கிணற்றைத் தேவையில்லாமல் அணைக்கக் கூடாது. ஒவ்வொரு சூடு-குளிர் சுற்றும் கேசிங்கின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சிமென்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. 110 டிகிரிக்கு மேல் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் நாளாக ஆக வலு இழந்து துளைகள் விடும். எடையில் 35 முதல் 40 சதவீதம் நுண்ணிய சிலிக்கா மாவு சேர்த்தால் அது நிற்கும். இரண்டு கேசிங்குகளுக்கு நடுவே சிமென்ட் இறங்காமல் நீர்ப்பை மாட்டிக்கொண்டால் அதைவிட மோசம். மூடிய இடத்தில் வெந்நீர் சூடானால் டிகிரிக்கு 15 பார் அளவில் அழுத்தம் ஏறும். 9⅝ அங்குல கே-55 கேசிங் 250 பாருக்குச் சற்று மேலே நசுங்கும். 20 டிகிரி போதும், உள் கேசிங் தகரக் குவளை மாதிரி உள்ளே மடங்கிவிடும். சிமென்ட் மேலே வந்து சேராமல் பாறை விரிசலில் போய்விட்டால் மேலிருந்து ஊற்றி நிரப்புவது வழக்கம். நீர்ப்பை மாட்டுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஐடிடிபி-1இல் வேதியியலும் எதிராக நின்றது. அந்த மிகைச்சூட்டு நீராவியில் ஹைட்ரஜன் குளோரைடு இருந்தது. ஆவி உலர்ந்து இருக்கும்வரை எஃகுக்குப் பெரிய கேடில்லை. எங்காவது ஒரு குளிர்ந்த மூலையில் முதல் துளி உருவானால் அந்தத் துளி முழுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதோடு நீராவியிலேயே கரைந்து வரும் சிலிக்கா, அழுத்தம் குறையும் இடத்தில், அதாவது சரியாக வால்வுக்குள், தூளாகப் படிந்தது. ஆவியை நீரால் கழுவினால் சிலிக்காவும் அமிலமும் போகும். ஆனால் மிகைச்சூடும் போய்விடும், எதற்காக அவ்வளவு ஆழம் போனோமோ அதில் ஒரு பகுதி கையைவிட்டுப் போகும்.

பசால்ட்

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மாக்மாவை ஒட்டிய பாறை மின்சாரத்துக்கு நல்லதல்ல என்பதற்குப் பாறையே ஒரு காரணம். ஏறக்குறைய 400 டிகிரிக்கு மேல் பாறை உடைவதற்குப் பதில் மெல்ல வழிந்து கொடுக்கிறது, விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. விரிசலில்லாமல் நீர் ஓடாது. எரிமலை வேண்டும், ஆனால் அதன் வாய்க்கு நேர் கீழே வேண்டாம். பெரிய வயல்கள் பலவும் எரிமலையின் சரிவிலோ, பழைய கால்டெராவின் (எரிமலை உள்வாங்கி உருவான பெரும்பள்ளம்) ஓரத்திலோ, பிளவுப் பள்ளத்திலோ இருப்பது இதனால்தான். இத்தாலியின் லார்டரெல்லோவில் சீறும் எரிமலையே கிடையாது. ஆழத்தில் இன்னும் ஆறாத கிரானைட் உடல் மட்டும் இருக்கிறது, அது 1913 முதல் மின்சாரம் தருகிறது.

கிராஃப்லாவின் கதை மறுபக்கத்துக்குச் சான்று. மின்நிலையம் கட்டிக்கொண்டிருக்கும்போதே 1975 டிசம்பரில் வெடிப்பு தொடங்கி 1984 வரை ஒன்பது முறை நடந்தது. லாவா மின்நிலையத்தைத் தொடவில்லை. மாக்மா வாயு நிலத்தடி நீர்த்தேக்கத்தில் கலந்து, நீர் அமிலமாகி, கிணறுகளின் கேசிங்கை அரித்தது. இரும்புச் சேர்மங்கள் படிந்து கிணறுகள் அடைந்தன. 30 மெகாவாட் டர்பைன் இரண்டு வாங்கியிருந்தார்கள். முதலாவது 1978இல் ஓடத் தொடங்கியும் போதிய நீராவி இல்லை. இரண்டாவது 1997 வரை காத்திருந்தது.

வெப்ப_ஓட்டம்

அடங்குமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே. ஒரு கன கிலோமீட்டர் பசால்ட் மாக்மா சுமார் 2.7 லட்சம் கோடி கிலோ. 1,200 டிகிரியிலிருந்து உறைந்து 300 டிகிரிக்கு இறங்க, உறைவெப்பத்தையும் சேர்த்தால் கிலோவுக்கு 1,350 கிலோஜூல் அளவில் வெளிவரும். 100 மெகாவாட் மின்நிலையம் நிலத்திலிருந்து எடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 1,000 மெகாவாட் (ஒட்டுமொத்தத் திறன் பத்து சதவீதம் பக்கம்தான்). வகுத்துப் பார்த்தால் ஒரு கன கிலோமீட்டருக்கு 115 ஆண்டு. அதுவும் புது மாக்மா துளிகூட வராமல், பாறை தன் வெப்பத்தை உடனுக்குடன் நம் கையில் கொடுத்தால். பெரிய கால்டெராக்களின் அடியில் இருப்பது நூற்றுக்கணக்கான கன கிலோமீட்டர். எரிமலையை அடக்க மின்நிலையம் கட்டுவது என்ற யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

நெம்புகோல்

நான் எதிர்பார்த்த எண் இதுதான், நன்றி. கடைசியாக, லாவா வரும்போது மின்நிலையத்தில் என்ன செய்வார்கள்? ஸ்வார்ட்செங்கியில் எது உடைந்தது, எது தப்பியது?

கிணற்றுத்தலை

உடைந்தது குழாய். 2024 பிப்ரவரி 8 வெடிப்பில், ஸ்வார்ட்செங்கியிலிருந்து வடக்கே ஊர்களுக்குப் போகும் முதன்மை வெந்நீர்க் குழாயை லாவா அறுத்தது. கடுங்குளிரில் 20,000 பேருக்கு மேல் வெந்நீர் இல்லை. எல்லோரும் மின் ஹீட்டர் போட்டால் உள்ளூர் மின்வலை தாங்காது என்று பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். முன்னேற்பாடாகப் புதைத்திருந்த மாற்றுக் குழாயும் லாவாவுக்கு அடியில் உடைந்தது. புதிதாகக் குழாய் போட்டுச் சில நாளில் சரிசெய்தார்கள்.

புதைப்பது சரியான வழிதான், எப்படிப் புதைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. உலர்ந்த சரளையில் வெப்பம் ஒரு மாதத்தில் சுமார் 1 மீட்டர்தான் இறங்கும். ஆக 2 மீட்டர் மூடாக்கு இருந்தால் நேரம் கிடைக்கும். குழாய்க்குள் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது சூட்டை எடுத்துச் சென்றுவிடும். காலியாகக் கிடக்கும் குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. லாவாவின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 5 மீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல்.

மின்நிலையம் தப்பியதற்குப் பெரிய காரணம் சுற்றிலும் எழுப்பிய மண் அணை. 2023 நவம்பர் 10இல் கிரிண்டாவிக் ஊரைக் காலி செய்த சில நாட்களிலேயே, முதல் வெடிப்புக்கு முன்பே, வேலையைத் தொடங்கிவிட்டார்கள். லாவா அணையை நெருங்க நெருங்க உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ரேக்யானெஸ் மின்நிலையத்திலிருந்து தொலைவில் இருந்தபடியே இயக்கினார்கள். கிணறுகளே எச்சரிக்கைக் கருவியாகவும் உதவின. மாக்மா கிளம்பும்போது பாறை அமுங்கி, கிணற்று அழுத்தம் சட்டென்று மாறுகிறது. வெடிப்புக்கு முந்தைய அறிகுறிகளில் நிலநடுக்கத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கேசிங்_கணக்கு

கிணற்றையே லாவா மூடும் நிலை வந்தால் என்ன என்பதற்கு ஹவாய் உதாரணம். 2018 மே 3இல் பூனா மின்நிலையத்தின் பக்கத்துக் குடியிருப்பில் பிளவு திறந்தது. பைனரி முறையில் (கிணற்றுச் சூட்டால் வேறொரு திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றுவது) ஓடும் மின்நிலையம் அது, அதனால் சுமார் 60,000 கேலன் பென்டேன் கையிருப்பில் இருந்தது. எளிதில் தீப்பற்றும் அதை முதலில் லாரியில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்து கிணறுகளை அணைத்தார்கள். அணைப்பது என்றால் குளிர்நீரை உள்ளே அழுத்தி இறக்குவது. 1,000 மீட்டர் உயர 240 டிகிரி நீர்த்தூண் அடியில் தரும் அழுத்தம் 80 பார், அதே உயரக் குளிர்நீர் 98 பார். அந்த 18 பார் வித்தியாசம் கிணற்றை மேலே வரவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். ஒரு கிணறு மட்டும் நீருக்கு அடங்காததால் கனமான மண்சேற்றால் அடைத்தார்கள். லாவா இரண்டு கிணறுகளின் மேல் ஓடியது, துணைமின் நிலையமும் போனது. கிணற்றிலிருந்து வாயு பீறிடவில்லை. 2020 நவம்பரில் மறுபடி மின்சாரம் வந்தது.

அணைத்தால் கேசிங் பிய்யும் என்று மேலே சொன்னேன், இங்கே அணைத்ததுதான் காப்பாற்றியது. வழக்கமான சூட்டில் ஓடும் கிணறு அந்த ஒரு சுற்றைத் தாங்கும். 450 டிகிரிக் கிணற்றில் இதே வேலையைச் செய்ய நேர்ந்தால் கிணறு கணக்கில் இல்லை என்று எழுதிவிட்டுத்தான் பம்பை ஓட்ட வேண்டும்.

நெம்புகோல்

பாரன் தீவில் எரிமலை இருக்கிறதே, அங்கே ஏன் முயலவில்லை?

வெப்ப_ஓட்டம்

மின்சாரம் வாங்க ஆளில்லை. அந்தமான் கடலில் ஆள் குடியிராத சிறு தீவு, போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜய புரம்) 130 கிலோமீட்டருக்கு மேல். கடலடிக் கேபிளின் செலவே திட்டத்தை விழுங்கும். இந்தியாவில் முயற்சி நடக்கும் இடம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. அங்கே எரிமலை இல்லை. இமயமலை உருவாகும் வேலையில் கிடைக்கும் ஆழ்வெப்பம். 4,400 மீட்டர் உயரத்தில் நீர் 85 டிகிரி பக்கத்திலேயே கொதிப்பதால் ஊற்றைப் பார்த்து வெப்பத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. ஆழம் கொஞ்சமாக இருக்கும்போதே அழுத்தம் உள்ள நீர் வரும் என்பதால், முதல் கேசிங்கைப் போட்டு, மேலே வெடிப்புத்தடுப்பு வால்வை மாட்டிய பிறகுதான் அடுத்த மீட்டரைத் துளைக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பற்றி அடுத்து கேட்பீர்கள். இது பழைய, குளிர்ந்த கேடயப்பாறை. வெப்ப ஓட்டம் உலகக் கண்டச் சராசரியைவிடக் கணிசமாகக் குறைவு. 240 டிகிரி வேண்டுமானால் எண்ணெய்க் கிணறுகளே பெரும்பாலும் போகாத ஆழத்துக்கு இறங்க வேண்டும்.

பசால்ட்

இந்த வயல்களுக்கு நேரில் போகிறவர்களுக்கு ஒன்று. கிணற்றுத்தலையைச் சுற்றிக் கான்கிரீட் குழி இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், காற்றில்லாத நாளில் அந்தக் குழியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை செறிவு குறைவு என்று பொருள். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 500க்கு மேல் சில நிமிடங்களில் ஆள் விழுவார். வாயுமானி இல்லாமல் குழிக்குள் கால் வைக்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் மூச்சுக்கருவி மாட்டாமல் பின்னால் இறங்கக் கூடாது.